முப்பத்து நான்கு அட்டை வீடுகள்

பத்து நாளாக மழை. விட்டு விட்டுப் பெய்தாலாவது ஒரு துணி காயும். இது நசநசவென்று ஊற்றிக்கொண்டே இருந்தது. மூன்றாம் வகுப்பு டீச்சருக்குத் துணி காயாதது பெரிய விஷயமில்லை. களிமண் காயவில்லை. அதுதான் அவளுடைய கவலை.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. பிள்ளைகள் கையால் செய்ததைப் பார்க்கப் பெற்றோர் வருவார்கள், நிர்வாகக் குழுவும் வரும். டீச்சர் தன் வகுப்புக்குக் கொடுத்திருந்த வேலை, 'எங்க வீடு'. ஆளுக்கு ஒரு செருப்புப் பெட்டி. அதைப் பக்கவாட்டில் நிறுத்தி மூடியை எடுத்துவிட்டால் ஓர் அறை ஆயிற்று. தீப்பெட்டியில் நாற்காலி, பாட்டில் மூடியில் தட்டு, தையல்கடைத் துண்டுத் துணியில் திரை, சுவருக்கு மாவுப் பசை தடவி ஒட்டிய பழைய தாள். உள்ளே களிமண்ணில் வீட்டு ஆட்கள். முப்பத்து நான்கு பிள்ளைகளுக்கு முப்பத்து நான்கு வீடுகள்.

மூன்று வாரம் அந்த வகுப்பறை வகுப்பறையாகவே இல்லை. ஒரு மூலையில் பசை வாளி, இன்னொரு மூலையில் ஈரச் சாக்கு போட்டு மூடிய மண் வாளி. கத்தரிக்கோல் ஆறுதான், அதற்கு எப்போதும் ஒரு வரிசை, வரிசையில் எப்போதும் ஒரு சண்டை. கதவை எங்கே வெட்டுவது, ஜன்னலை எங்கே வைப்பது என்று யார் வந்து கேட்டாலும் உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது என்று டீச்சர் திருப்பிக் கேட்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். ஒரு பையன் கதவைவிடப் பெரிதாக டிவி செய்தான். எங்கள் வீட்டில் அதுதான் எல்லோரையும்விடப் பெரியது என்றான். ஒருத்தி பதினோரு நாற்காலி செய்தாள், ஆள் ஒன்றுகூடச் செய்யவில்லை. எல்லோரும் வெளியே போயிருக்கிறார்களாம். இன்னொருவன் களிமண்ணைக் காதில் அடைத்துக்கொண்டு, இப்போதும் காது கேட்கிறதா என்று பரிசோதித்தான். கேட்கவில்லை என்று தெரிந்ததும் ஊரைக் கூட்டினான்.

அவன் ஊரைக் கூட்டிய நேரத்தில் டீச்சர் மூன்றாவது பெஞ்சில் துண்டுப் பென்சிலின் பெட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத ஒரு பென்சிலை விடாப்பிடியாக வைத்துக்கொண்டு எழுதுவதால் அந்தச் சிறுமிக்கு வகுப்பு வைத்த பெயர் அது. பாதி வருஷத்தில் வந்து சேர்ந்தவள், வாய் திறக்காதவள். அப்பா ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை. முழங்கை வரை மாவோடு ஓடிவந்து வாசலில் விட்டுவிட்டு ஓடுவார். அம்மா ஒரு நாளும் வந்ததில்லை. வரச்சொல்லி ஒருமுறை சீட்டு அனுப்பியதற்கும் அப்பாதான் வந்தார். வீட்டில் அவளுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை என்றார். காய்ச்சலாக இருக்கும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

பெட்டிக்குள் மண்ணில் ஓர் ஆள் மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் சின்னதாக இன்னொன்று.

“இது யாரு?”

“அம்மா.”

“இது?”

“நானு.”

மூன்றாவது கேள்வி ஒன்று கேட்டிருப்பாள். அதற்குள் காது கேட்காதவன் அலறிவிட்டான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் எழுதி வைக்காத ஒரு வழக்கம் உண்டு. கண்காட்சிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால், பிள்ளைகள் செய்ததை டீச்சர்கள் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் 'சீர்பண்ணி' எடுத்துவருவார்கள். கோணல் நிமிரும், பிசிறு போகும், மூக்கும் வாயும் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்து சேரும். டீச்சரின் தங்கை, கொழுந்தன், கட்டினவர், பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் என்று ஒரு பட்டாளமே உட்கார்ந்து வேலை பார்க்கும். சனிக்கிழமை பெற்றோர் வந்து, நம் பிள்ளைக்கு இவ்வளவு கைவேலை வருமா என்று வாயைப் பிளப்பார்கள். பிள்ளைகளும் மூச்சு விடுவதில்லை. வீடு தேடி வருகிற பாராட்டை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

போன வருஷம் மூன்றாம் வகுப்பு டீச்சர் மட்டும் அதைச் செய்யவில்லை. பிள்ளை கைபட்டது கைபட்டபடியே இருக்கட்டும் என்று வைத்துவிட்டாள். காகிதக் கூழில் செய்த முகமூடிகள். ஒரு கண் நெற்றியில், ஒரு கண் கன்னத்தில். குழுத் தலைவர் ஒன்றைக் கையில் எடுத்து, இது என்ன மிருகம் தம்பி என்று கேட்டார். “எங்க மாமா,” என்றான் செய்தவன். மாமாவும் பக்கத்திலேயே நின்றிருந்தார். தலைமை ஆசிரியையான பெரிய டீச்சருக்கு முகம் சுண்டிப்போனது.

அதனால்தான் இந்த வருஷம் பெரிய டீச்சர் அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். ஐந்து வருஷமாகத் தற்காலிகமாகவே இருக்கிறீர்கள், நிரந்தரத்துக்கு உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன், குழு சனிக்கிழமை பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடும் என்றாள்.

“பிள்ளைங்க பண்ணினத அப்படியே தூக்கி வெச்சுடாதீங்க. நீங்களும் கொஞ்சம் கை போடுங்க. எனக்காக இல்ல, உங்களுக்காகத்தான் சொல்றேன்.”

டீச்சர் தலையாட்டிவிட்டு வந்தாள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. வீட்டில் இப்போது சம்பாத்தியம் அவள் ஒருத்திதான்.

அவள் வீட்டுக்காரர் தச்சர். கட்டில், மேசை, அலமாரி என்று எதைச் செய்தாலும் ஓரத்தில் கை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு வீட்டில் பரணுக்குப் பலகை அடிக்கும்போது ஏணி சறுக்கி மல்லாக்க விழுந்தார். முதுகெலும்பில் விரிசல். மூன்று மாதம் அசையாமல் படுக்கை. பிறகு எழுந்து நடமாடலாம், ஆனால் ஒரு வருஷத்துக்குக் கனம் தூக்கக் கூடாது, ரம்பம் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எழுந்து நடமாடத் தொடங்கி மூன்று மாதம் ஆகியும் மனிதர் எழுந்த மாதிரி இல்லை. சும்மா இருப்பதே சுகம் என்று சொன்னவர் நிச்சயம் தச்சராக இருந்திருக்க மாட்டார். ஒரு கெடுதலும் இல்லாத ஜன்னல் கொக்கியைக் கழற்றுவார், மாட்டுவார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிட்டது என்னவென்று கேட்டால் தெரியாது. உளி, சுத்தியல் எல்லாவற்றையும் ஒரு கோணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். டீச்சர் பெருக்கும்போது துடைப்பம் அதில் இடிக்கும். இடித்ததும் அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தைப் பெருக்குவாள்.

புதன்கிழமை மாலை, தார்ப்பாய் போட்டு மூடிய வாடகை வண்டியில் முப்பத்து நான்கு வீடுகளும் வந்து இறங்கின. கூடம் நிறைந்து, கட்டில் நிறைந்து, சமையலறைத் திண்டிலும் வீடு. தச்சர் ஒதுங்கி நின்று பார்த்தார்.

“என்ன, ஒரு ஊரையே பெயர்த்துத் தூக்கிட்டு வந்துட்ட?”

பல நாளைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் கிண்டல் அது. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. பசை விட்டுப்போயிருந்தால் ஒட்டுங்கள், மண் விண்டிருந்தால் பூசுங்கள், அதற்குமேல் ஒன்றும் வேண்டாம் என்று சொன்னாள். சரிங்க டீச்சர் என்றார். அவளைக் கேலி செய்யும்போதுதான் டீச்சர் என்று கூப்பிடுவார்.

முதலில் கையில் எடுத்தது மூன்று கால் மேசை. செய்தவனுக்கு நாலாவது தீக்குச்சி கிடைக்கவில்லை. தச்சர் அதை வைத்தார், ஆட்டினார், வைத்தார். தச்சன் கண்ணுக்கு முன்னால் ஒரு மேசை ஆடலாமா? நாலாவது கால் வந்தது. கால் வந்ததும் மேல்பலகை சாய்வாகத் தெரிந்தது. அதைச் சரிசெய்ததும் நாற்காலி உயரம் உறுத்தியது. டீச்சர் சாதமும் முட்டையும் தட்டில் போட்டு எடுத்துவந்தபோது, அவர் காதில் பென்சில் செருகியிருந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தப் பென்சில் அந்தக் காதுக்கு வந்திருக்கிறது. அவள் தட்டை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து குடையை மடக்கிக்கொண்டு நுழைந்தால் வீட்டில் சீழ்க்கைச் சத்தம். கோணி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்திருந்தது. மண் ஆட்கள் எல்லோரும் அடுப்போரம் வரிசையாக நின்று குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். பதினோரு நாற்காலியும் ஒரே உயரம். எங்கும் போய்ச் சேராத ஒரு மாடிப்படிக்கு உச்சியில் பால்கனி முளைத்திருந்தது. கதவைவிடப் பெரிய டிவி, கைக்கு அடக்கமாகச் சுருங்கிச் சுவரில் தொங்கியது. டீச்சருக்குச் சுருக்கென்றது.

“அவன் வீட்ல டிவிதாங்க பெருசு.”

“பெருசா இருக்கட்டும். கதவு வழியா உள்ள வரணுமா இல்லையா?”

எப்படி அழகாகக் கேட்கிறார்! அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். காதிலிருந்த பென்சிலைப் பார்த்தாள். எடுத்த வாயை மூடிக்கொண்டாள். பிள்ளைகளுக்குத் துரோகம் செய்கிறோம் என்று நன்றாகத் தெரிந்தது. இந்த மனிதர் சிரிக்கிறாரே என்று சந்தோஷமாகவும் இருந்தது. எது பெரியது என்று தராசு பிடிக்க அவளுக்குத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை மாலை கடைசிப் பெட்டி. துண்டுப் பென்சிலுடையது. அவர் அதை முடித்து வைத்திருந்தார். அவளுக்குக் காட்டுவதற்காகவே காத்திருந்தவர்போல எடுத்து நீட்டினார்.

“இந்தப் பாப்பா ஆளப் படுக்கப் போட்டுட்டா. நான் நிக்க வெச்சுட்டேன் பாரு.”

மண்ணில் ஆள் செய்யச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் மேசைமேல் தட்டித் தட்டிப் படுக்கவைத்துத்தான் செய்யும். நிமிர்த்தினால் தொப்பென்று விழும். இதுவும் அப்படித்தான் என்று டீச்சர் நினைத்தாள். மழை புண்ணியத்தில் மண் உள்ளே இன்னும் பதமாகவே இருந்ததால், குதிகாலிலிருந்து முதுகு வரை மெல்லிய கம்பி ஒன்றைச் செருகியிருந்தார். ஆளுக்கு அடியில் இருந்த மண் பட்டையை அறுத்துப் பீடமாக்கி, கம்பியின் மறுமுனையை அதில் குத்தி நிறுத்தியிருந்தார். தலைமாட்டில் ஒட்டியிருந்த மண் கட்டியைப் பிசிறு என்று வழித்துவிட்டாராம். பக்கத்தில் ஒண்டியிருந்த சின்ன உருவத்தைப் பெயர்த்து, படிக்கிற பிள்ளைக்கு மேசை வேண்டாமா என்று, எதிர்மூலையில் அழகான ஒரு மேசை போட்டு உட்கார வைத்திருந்தார். தீக்குச்சியில் அவ்வளவு நேர்த்தியான மேசையை டீச்சர் பார்த்ததே இல்லை.

“ரொம்ப மாத்திட்டீங்களோ?” என்றாள் மெதுவாக.

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“படுத்துக் கிடக்கிறதப் பாக்க எனக்குச் சகிக்கல,” என்றார்.

அவள் டீ போட்டு எடுத்துவந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தாள்.

சனிக்கிழமை மழை வெறித்தது. பள்ளிக்கூடத்து மண்டபத்தில் வெள்ளைத்துணி விரித்த மேசைகளில் முப்பத்து நான்கு வீடுகளும் தெரு மாதிரி வரிசையாக நின்றன. வேலை எப்படி எடுபடுகிறது என்று பார்க்கத் தச்சரும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, காதில் அந்தப் பென்சிலோடு வந்து, தூண் பக்கம் நின்றுகொண்டார். பெரிய டீச்சர் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து, மூன்றாம் வகுப்பு டீச்சரின் தோளைத் தட்டினாள். போன வருஷம் மாமாவிடம் மாட்டிக்கொண்ட குழுத் தலைவர், இந்த வருஷம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். எட்டு வயதுப் பிள்ளைகள் செய்த வேலையா இது என்று கேட்டார். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார் வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஆனால் அவர் கேட்டது சந்தேகத்தில் இல்லை, பூரிப்பில்.

டிவிக்காரப் பையன் மட்டும் வரிசையை இரண்டு தடவை சுற்றிவந்துவிட்டு டீச்சரின் சேலையைப் பிடித்து இழுத்தான்.

“டீச்சர், எங்க வீட்டக் காணோம்.”

டீச்சர் விரலால் காட்டினாள். அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். யாரோ குடியேறிவிட்ட வீட்டை எட்டிப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு மிட்டாய் வாங்கப் போய்விட்டான். டீச்சருக்கு அவன் போன திசையைப் பார்க்கவே கூசியது.

அப்போதுதான் துண்டுப் பென்சில் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ரொட்டிக்காரர் குளித்து முழுகிவிட்டு வந்திருந்தாலும் காதோரம் கொஞ்சம் மாவு இருந்தது. சிறுமி தன் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். நின்றவள் அசையவே இல்லை. குழுத் தலைவரும் பெரிய டீச்சரும் அடுத்த பெட்டியில் இருந்தார்கள்.

“டீச்சர், எங்கம்மாவ யாரு எழுப்பினது?”

சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. பெரிய டீச்சர்தான் முதலில் முந்திக்கொண்டாள். சிரித்தபடி குனிந்து, நீதானே செல்லம் செய்தாய், மறந்துவிட்டாயா என்றாள். சிறுமி இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“நான் படுக்கத்தான் வெச்சேன். அம்மாவால எந்திரிக்க முடியாது.”

பெரிய டீச்சர் நிமிர்ந்து மூன்றாம் வகுப்பு டீச்சரைப் பார்த்தாள். பிள்ளைக்கு ஞாபகமில்லை, அவ்வளவுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குழுத் தலைவர் அடுத்த மேசைக்குப் போய்விடுவார். ஐந்து வருஷத் தற்காலிகம் அந்த ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். எட்டு வயதுப் பிள்ளையின் சொல்லை யார் அம்பலத்தில் ஏற்றப் போகிறார்கள்? டீச்சர் அந்த வார்த்தையை வாய்வரை கொண்டுவந்தாள், பொய் சொல்ல மாட்டேன் என்று பெருமை பேச அவள் அரிச்சந்திரன் வீட்டுப் பெண் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அவ செஞ்சது படுத்த மாதிரிதான் சார்,” என்றாள் தலைவரிடம். “நாங்க வீட்ல வெச்சு மாத்தினோம். இது மட்டும் இல்ல. எல்லாத்துலயும் எங்க கை இருக்கு.”

நிரந்தர உத்தரவு அந்த வருஷம் வரவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. இன்னொரு வருஷம் தற்காலிகம் என்று திங்கட்கிழமை தாள் வந்தது. எல்லா டீச்சரும் செய்கிற வழக்கத்துக்குப் பழி அவள் ஒருத்தி தலையில் விடிந்தது. பெரிய டீச்சர் ஒரு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் சனிக்கிழமை மண்டபத்தில் அதைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. தச்சர் தூணை விட்டு வந்துவிட்டார். முதுகுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதையும் மறந்து சிறுமிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

“நான்தாம்மா எழுப்பினேன்.”

“எப்படி எழுப்பினீங்க?” உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். வித்தை தெரிந்த ஒருவரிடம் கேட்கிற கேள்வி.

அவர் உருவத்தின் குதிகாலைத் தொட்டுக் காட்டினார்.

“கம்பி வெச்சேன்மா. வேற ஒண்ணும் இல்ல. கம்பிதான்.”

சிறுமி யோசித்தாள். ரொட்டிக்காரர் இவ்வளவு நேரமும் பெட்டிக்குள் நிற்கிற உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், மகள் தோளில் கை வைத்தார். எட்டு மாதமாகப் படுக்கை என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இப்படியே இருக்கட்டுமே பாப்பா. நல்லாத்தான் இருக்கு,” என்றார்.

“நின்னா தலை சுத்தும்ப்பா. விழுந்துடுவாங்க.” இவளுக்கு அப்பாமேல் கொஞ்சம் கோபம்கூட வந்துவிட்டது. தச்சரிடம் திரும்பினாள். “படுக்க வைங்க.”

தச்சர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். ராத்திரி முழுக்க அடுப்போரம் நின்றதில் மண் இறுகியிருந்தது. அவசரப்பட்டால் கால் உடையும். கம்பியைத் துளித் துளியாகத் திருகினார். பெற்றோர் சுற்றிக் கூடிவிட்டார்கள். திருகிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், “மூணு மாசம் படுத்துக் கிடந்தவன் நான். பாப்பா ஏன் படுக்க வெச்சான்னு எனக்கே தெரியலையே,” என்றார். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த மூன்று மாதமும் அவள் பிள்ளைகளின் நோட்டுக் கட்டுகளை எடுத்துவந்து அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துதான் திருத்தினாள். பெட்டிக்குள் அந்தச் சின்ன உருவம் அம்மாவை ஒண்டி எதற்கு உட்கார்ந்திருந்தது என்பது அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. அழுகையை அடக்க முடியவில்லை, அடக்கவும் இல்லை.

கம்பி வெளியே வந்தது. கால் உடையவில்லை. தச்சர் பீடத்தைத் திரும்பவும் கட்டில்போலக் கிடத்தி, உருவத்தை மல்லாக்கப் படுக்க வைத்தார். சிறுமி எதிர்மூலையிலிருந்து தன் உருவத்தை எடுத்து அம்மா இடுப்போரம் ஒட்ட வைத்தாள். அவ்வளவு நேர்த்தியான மேசை அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. பிறகு அம்மாவின் தலைமாட்டைப் பார்த்தாள்.

“இங்க தலகாணி இருந்துச்சு.”

டீச்சர் எழுந்து ஓடி, வகுப்பறை வாளியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்தாள். தச்சர் அதை வாங்கினார். மண் பட்டதும் அவர் விரல்கள் தானாகவே உருட்டத் தொடங்கின.

“நான் செஞ்சு தரட்டுமாம்மா?”

“வேணாம். நீங்க செஞ்சா ரொம்ப அழகா வந்துடும்,” என்றாள் சிறுமி. “அம்மாவோடது நடுவுல பள்ளமா இருக்கும்.”

மண்ணை அவரிடமிருந்து வாங்கிக் கோணலாக ஒரு கட்டி தட்டினாள். நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். தச்சர் காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.